ஒத்திகை மேயர்

அந்தக் குழுவில் வேலை செய்கிறவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் பேசுகிறவர்கள். வேலை செய்கிறவளுக்குச் செயலாளர் என்று ஒரு பட்டத்தைக் கொடுத்து, உட்கார விடாமல் வைத்திருந்தார்கள். சம்பளம் கிடையாது, தன்னார்வத் தொண்டு. "அப்படின்னா என்னடி?" என்று அம்மா கேட்டபோது, "யாரும் கூப்பிடாமலே போய் மாட்டிக்கிறதும்மா" என்று சொன்னாள்.

குழுவுக்குச் சகோதரி நகர நட்புக் குழு என்று பெயர். கடல் தாண்டிக் குளிர்ப் பிரதேசத்தில் இதே அளவில் ஓர் ஊர் இருந்தது. அங்கேயும் ஒரு காலத்தில் சட்டைப் பொத்தான் செய்கிற ஆலை ஓடி, நொடித்து, மூடிக்கிடந்தது. இங்கேயும் அதே கதை. கல்லூரியில் கடைசி வருடக் கட்டுரைக்காகத் தேடப் போய் அந்த ஊர் அவள் கண்ணில் பட்டது. ஒரு மின்னஞ்சல் போட்டாள், பதில் வந்தது. படிப்பு முடிந்து கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவள் கவுன்டருக்கு முன்னால் புது ஃபிரேம் மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டரிடம் அந்தச் சந்தோஷத்தை வாய் நிற்காமல் சொல்லித் தொலைத்தாள். அடுத்த வாரமே அது பல் டாக்டரின் யோசனை ஆகிவிட்டது. அவரே தலைவர். போட்டோ ஸ்டுடியோக்காரர் துணைத் தலைவர். டிரைவிங் ஸ்கூல்காரர் போக்குவரத்துப் பொறுப்பு. டாக்டரின் மனைவி உபசரிப்புப் பொறுப்பு. அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை என்றாலும் ஊரே அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது, அவரும் மறுத்ததில்லை.

"இரு நகரங்களையும் இணைப்பது பொதுவான தொழில் பாரம்பரியம்" என்பார் டாக்டர் கூட்டத்தில்.

"ரெண்டு ஊருக்கும் ஒரே தலையெழுத்துன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான" என்பாள் அம்மா வீட்டில்.

சகோதரி என்றால் நாம் அக்காவா தங்கையா என்கிற சண்டையில் ஒரு கூட்டம் முழுசாகப் போனது. டாக்டருக்கு அக்காவாகத்தான் இருக்க வேண்டும். நம் ஆலைதான் முதலில் திறந்தது என்றார். "முதல்ல மூடுனதும் நம்மதுதான் சார்" என்றார் ஸ்டுடியோக்காரர். விஷயம் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரே பேச்சில் தீர்ப்புச் சொன்னாள்: "தங்கச்சியாவே இருந்துட்டுப் போங்க. அக்கான்னா செலவெல்லாம் நம்ம தலையில விழும்."

அம்மாவும் அப்பாவும் லாண்டரிக் கடை வைத்திருந்தார்கள். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. நடுவில் பேருக்கு ஒரு பலகைத் தடுப்பு. நீராவிக்குத் தடுப்பெல்லாம் தெரியாது, நேரே உள்ளே வந்து சாப்பாட்டுத் தட்டின் மீதும் உட்காரும். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பட்டமளிப்பு அங்கியோடு வந்து நின்ற அன்று, அம்மா அந்த அங்கியைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இத யாரு தேச்சது? காலர் பக்கம் கருக்கிட்டான்" என்றாள். வாழ்த்து அவ்வளவுதான்.

படித்ததற்குப் பெரிய வேலை கிடைக்கவில்லை, கோபம் கிடைத்தது. "பரவாயில்லையே, லாண்டரிக்காரர் பொண்ணு நல்லா பேசுதே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அவர்கள் அதைச் சொன்னதற்காக வருந்துகிற வரைக்கும் பேசுவாள்.

கடல் தாண்டிய அந்த ஊரிலும் ஒரு செயலாளர் இருந்தாள். அவளும் சம்பளமில்லாதவள்தான், பிழைப்புக்கு லிஃப்ட் பழுதுபார்த்தாள். வியாழக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் வீடியோவில் பேசுவார்கள். ஓட்டை ஆங்கிலத்தில் ஆரம்பிக்கும். அவரவர் ஊர்த் தலைவர்களைத் திட்டுகிற கட்டம் வந்ததும் இருவருக்கும் மொழி சரளமாகிவிடும்.

"அங்க வந்தா உன் வீட்லதான் தங்குவேன்" என்று லிஃப்ட்காரி சொல்லியிருந்தாள்.

"பின்ன வேற எங்க தங்கப் போற?" என்று இவளும் சொல்லியிருந்தாள்.

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம் இருந்தது. போனுக்குச் சிக்னல் கடைக்குள்தான் எடுக்கும். அங்கே உட்கார்ந்து பேசினால் முதுகுக்குப் பின்னால் தேய்க்கிற மேசையும் அழுக்கு மூட்டைகளும் தெரியும். அதனால் முதல் வியாழக்கிழமையே, வெளுத்து மடித்து வைத்திருந்த ஒரு பெட்ஷீட்டை எடுத்துக் கொடியில் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குடி இது?" என்றாள் அம்மா.

"வெளிச்சம் சரியில்லம்மா. முகம் இருட்டா விழுது."

அடுத்த வாரம் அந்த பெட்ஷீட் உரியவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது, வேறொன்றை எடுத்தாள். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. நீலப்பூ, கோடு, கட்டம் என்று அவள் பின்னணி மாறிக்கொண்டே இருந்தது. "உன் வீட்ல மொத்தம் எத்தனை ரூம்?" என்று லிஃப்ட்காரி ஒருநாள் வாயைப் பிளந்தாள். "சின்ன வீடுதான்" என்றாள் இவள். உண்மையைத்தானே சொன்னாள்? அடக்கமாகப் பேசுகிறாள் என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு இவளா பொறுப்பு?

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. அந்த ஊர்க்காரர்கள் வருவதென்று முடிவானது. மூன்று பேர்: அவர்கள் மேயர் அம்மாள், பொத்தான் ஆலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர், அப்புறம் லிஃப்ட்காரி. ஓட்டல் வேண்டாம், வீடுகளில் தங்கட்டும், அதுதான் உறவுக்கு அழகு என்று டாக்டர் சொன்னார். எந்தெந்த வீடு என்று முடிவு செய்ய டாக்டரம்மா வீடு வீடாகக் கிளம்பினார். லாண்டரிக்கும் வந்தார். பின்னறை வாசலோடு நின்று உள்ளே எட்டிப் பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சுத்தமாத்தான் வச்சிருக்கீங்க. ஆனா சூடு. அவங்க குளிர் ஊர்க்காரங்க பாருங்க."

"குளிர் ஊர்க்காரங்களுக்குத்தான மேடம் சூடு வேணும்?" என்றாள் செயலாளர்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அம்மாவிடம் திரும்பினார். "அப்புறம், போன வாரமும் மூட்டையில ஒரு பெட்ஷீட் குறைஞ்சுச்சு. மறுநாள்தான் வந்துச்சு. அப்பப்ப இப்படித்தான் ஆவுது. என்னன்னு பாருங்கம்மா."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். மகள் யாரையும் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் டாக்டர் அறிவித்தார்: மேயர் தம் வீட்டில், பொறியாளர் டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டில், லிஃப்ட்காரி ஸ்டுடியோக்காரர் வீட்டு மாடியில்.

"அவ எங்கிட்ட வாய்விட்டுக் கேட்டிருக்கா சார். எங்க வீட்லதான் தங்குவா."

"உணர்ச்சிவசப்படாதீங்க செயலாளரம்மா. வசதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

"யாரு வசதி? ஊர இணைக்கிறோம், மனுஷங்கள இணைக்கிறோம்னு உங்க பேச்சு அத்தனையும் எழுதிக் குடுத்தது நான். அந்த மனுஷங்கள்ள எங்கப்பா அம்மா கிடையாதா? அப்ப நான் ராஜினாமா பண்றேன்."

"பண்ணுங்க. அத டைப் பண்ணி எடுத்துட்டு வாங்க, பரிசீலிக்கலாம்" என்றார் டாக்டர். குழுவில் டைப் பண்ணத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்த நேரம் பார்த்து டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு யோசனை சொன்னார். "ரோட்டுல எறக்கறதுக்கு முன்னாடி மைதானத்துல ஓட்டிப் பாக்கறதில்லையா? அது மாதிரி, அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ வெள்ளோட்டம் விட்டுப் பாத்துட்டா என்ன?" எல்லோருக்கும் பிடித்துப்போனது. விருந்தாளியாக நடிப்பது யார் என்பதில்தான் சிக்கல். வீட்டுக்காரர்களாக இருக்கிறவர்கள் விருந்தாளியாக முடியாது. யார் வீட்டுக்கு விருந்தாளி இல்லையோ அவர்கள்தான் வர வேண்டும். அறையில் இருந்த அத்தனை தலைகளும் மெல்ல ஒரே பக்கமாகத் திரும்பின.

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டாள். "நெஜ விருந்தாளிய வச்சுக்க நாம லாயக்கில்ல. பொய் விருந்தாளியா வந்து நிக்க மட்டும் லாயக்காம்! நீங்க ரெண்டு பேரும் போகக் கூடாது, சொல்லிட்டேன்."

"ஒரு நாள் நிக்காம உக்காந்து, வண்டில ஊரச் சுத்திக் காட்டறேங்கறாங்க. உனக்கென்னடி கசக்குது?" என்றாள் அம்மா. "நான் யாரு அதுல?"

"மேயர். அவமானமா இல்லையாம்மா உனக்கு?"

"மேயருக்கு என்னடி அவமானம்? உங்க கடையிலேருந்து ஒரு கூலிங் கிளாஸ் எடுத்துட்டு வா. அது இல்லாம எந்த ஊர் மேயர் வருவா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை தொடங்கியது. அம்மா கூலிங் கிளாஸோடு, கழுத்தில் 'மேயர்' என்று எழுதிய அட்டையோடு வந்து இறங்கினாள். அப்பாவுக்குப் பொறியாளர் வேடம். நம் பாஷை தெரியாத ஆள் என்பதால் நாள் முழுக்க வாயைத் திறப்பதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். சாதாரணமாகவே பேசாத மனிதர். இப்போது அதற்குக் காரணமும் கிடைத்துவிட்டது. லிஃப்ட்காரி வேடத்துக்கு ஆள் அகப்படாததால் ஒரு சூட்கேஸை வைத்துக்கொண்டார்கள். அதன் கைப்பிடியிலும் அட்டை தொங்கியது. டாக்டர் அதற்கும் வணக்கம் சொன்னார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறினார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் பழக்கதோஷத்தில் இடப்பக்கம் ஏறி, சீட் பெல்ட் போட்டு, "ம், கிளட்ச அழுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். காலியாக இருந்தது. இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இங்க பாரு பாப்பா," என்று அம்மா மகள் காதைக் கடித்தாள். "நான் பேசறது அவங்க ஊர் பாஷைன்னு வச்சுக்க. நீதான் மொழிபெயர்க்கணும்."

"நீ பேசறது எல்லாருக்கும் புரியுமேம்மா."

"புரியக் கூடாது. ஒத்திகைன்னா ஒத்திகை."

மூடிக்கிடந்த பொத்தான் ஆலையின் வாசலில் டாக்டர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்டுவிட்டு அம்மா கூலிங் கிளாஸைச் சற்றே இறக்கினாள். "இத்தன பெரிய கட்டடத்தப் பூட்டி வச்சுட்டு, வாசல்ல நின்னு பெருமை வேற பேசறாரே. பாத்ரூமாவது தொறந்து விடலாம்ல?"

டாக்டருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனாலும் முறைப்படி செயலாளரைப் பார்த்தார். "மேயர் என்ன சொல்றாங்க?"

"கட்டடத்தின் விசாலம் தம்மை மலைக்க வைப்பதாகச் சொல்கிறார்" என்றாள் செயலாளர்.

"மேயருக்கு நன்றின்னு சொல்லுங்க."

"நன்றியாம்மா."

"அத நீ சொல்ல வேண்டாம், எனக்குக் கேட்டுச்சு. பாத்ரூமுக்கு என்ன சொன்னாரு?"

ஸ்டுடியோக்காரர் "ஒன் மோர், ஒன் மோர்" என்று படம் எடுத்துக்கொண்டே இருந்தார். மேயர் காரில் ஏறுவதை எடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்று இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். "இந்தாளு என்ன ஏத்தி எறக்கியே கொன்னுடுவான்" என்றாள் மேயர். "புகைப்படக் கலைஞரின் உழைப்பைப் பாராட்டுகிறார்" என்றாள் செயலாளர். காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவளுக்கு, கோபத்தின் நடுவிலே சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஸ்டுடியோக்காரர் வீட்டு வாசலில் மட்டும் சிரிப்பு நின்றுபோனது. அங்கே சூட்கேஸை இறக்கினார்கள். "பாத்து, படி வழுக்கும்" என்று சொல்லிச் சொல்லி மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சன்னல் திறந்து, விசிறி சுழன்று, எல்லாம் வசதியாகத்தான் இருந்தது. தன் சிநேகிதியையே யாரோ தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக டாக்டர் வீடு. அம்மா அந்த வீட்டுக் கேட்டை வருடக்கணக்காக அறிவாள். மூட்டையைக் கொடுத்து மூட்டையை வாங்குகிற இடம். அதைத் தாண்டி உள்ளே போனது அன்றுதான். டாக்டரம்மா வாசலுக்கே வந்து, "வாங்க வாங்க, பயணமெல்லாம் எப்படி?" என்றார். ஒத்திகைக்குத்தான் கேட்டார்.

"கால்தான் வீங்கிப் போச்சு" என்றாள் அம்மா. அது ஒத்திகை இல்லை.

"மேயர் கால் வீ..." என்று மொழிபெயர்க்க ஆரம்பித்தாள் மகள். அதற்குள் டாக்டரம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மேலே ஒரு குஷனையும் வைத்துவிட்டார். "தூக்கி வைங்க. எனக்கும் இப்படித்தான்" என்றார். பிறகு விருந்தாளி அறையைக் காட்டினார். மெத்தை எப்படி என்று மேயர் சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அம்மா உட்கார்ந்து பார்த்தாள். சாய்ந்து பார்த்தாள். நீட்டி நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் வாசலில் நின்று கருத்துக்காகக் காத்திருந்தார்கள். கருத்து, குறட்டையாக வந்தது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "நிகழ்ச்சி நிரல்ல இது இல்லையே."

"விடுங்க. விமானத்துல வந்த அலுப்பு" என்று டாக்டரம்மா கதவைச் சாத்தினார். அந்த ஒரு செய்கைக்காக அவர் மேல் இருந்த கோபத்தில் கொஞ்சத்தைச் செயலாளர் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அந்த ஊரோடு வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. டாக்டர் வீட்டு ஹாலில் பெரிய டிவியில் இணைத்தார்கள். லிஃப்ட்காரி கம்பளித் தொப்பியோடு திரையில் தோன்றி எல்லோருக்கும் கையசைத்தாள். இரண்டு வருட நட்புக்கு ஒரு பரிசு செய்திருப்பதாகச் சொன்னாள். வியாழக்கிழமைகளில் பேசும்போது எடுத்து வைத்த படங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு. நாங்கள் அங்கே வரும்போது மேடையில் போடப்போகிறோம், நீங்கள் முதலில் பாருங்கள் என்றாள்.

"வேணாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று செயலாளர் எழுந்தாள். அதற்குள் முதல் படம் வந்துவிட்டது. டிவி அளவுக்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், பின்னால் நீலப்பூ.

"அட, எங்க பெட்ஷீட் மாதிரியே இருக்கே" என்றார் டாக்டரம்மா, சந்தோஷமாக.

அடுத்தது, கோடு போட்டது. ஸ்டுடியோக்காரர் கேமராவைக் கீழே வைத்தார். "இது எங்க வீட்டுது. ஓரத்துல பாருங்க, நான் மை கொட்டுன கறை. ஒன் மோர், ஒன் மோர், அதத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க."

மூன்றாவது, கட்டம் போட்டது. சாயம் போய் நைந்திருந்தது. யாரும் எதுவும் கேட்காமலே டிரைவிங் ஸ்கூல்காரர், "அது பழசு. வீட்ல புதுசெல்லாம் இருக்கு" என்றார்.

திரையில் லிஃப்ட்காரி உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். எல்லா அறையையும் விட அந்த நீலப்பூ அறைதான் தனக்குப் பிடித்தது; தன்னை எந்த அறையில் தங்க வைக்கப்போகிறாள் என்று கேட்டாள். ஆங்கிலம் தெரிந்த டாக்டர் மெதுவாகச் செயலாளர் பக்கம் திரும்பினார். "உங்க வீட்ல எத்தனை ரூம் செயலாளரம்மா?" குத்திக் காட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரல். அதற்கு எப்படிக் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப அந்த ஒரு நாள் லேட்டு..." என்று டாக்டரம்மா இழுத்தார். அவர் முகத்தில் ஒவ்வொரு வியாழக்கிழமையாக விளக்கு எரிந்துகொண்டே வந்தது.

செயலாளர் அம்மாவைப் பார்த்தாள். தூங்கி எழுந்து வந்து சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மா, கூலிங் கிளாஸைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். தன் கையால் வெளுத்துத் தேய்த்த துணிகள் வரிசையாகத் திரையில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செயலாளரம்மா" என்றாள் அம்மா. அவள் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "மேயர் ஒரு கேள்வி கேக்கறேன். அந்தப் பொண்ணுக்கு மொழிபெயர்த்துச் சொல்லு. அந்தத் துணிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியுமான்னு கேளு."

காலையிலிருந்து மேயர் சொன்ன எதையும் அவள் சொன்னபடி மொழிபெயர்த்ததில்லை. இதையும் மாற்றிவிடலாம். உங்கள் வருகைக்காக மேயர் ஆவலோடு காத்திருக்கிறார் என்று சொன்னால் போயிற்று. டாக்டர்கூட மறுத்திருக்கமாட்டார். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

"எந்தத் துணி? அது சுவர் இல்லையா?" என்றாள் லிஃப்ட்காரி.

"சுவர் இல்ல. ஊர்க்காரங்க பெட்ஷீட்டு. பின்னாடி எங்க லாண்டரிக் கடை. தேய்க்கிற மேசை, அழுக்கு மூட்டை, எங்கம்மா, எங்கப்பா. ரூம் ரெண்டுதான். ஜன்னல் ஒண்ணு. விடிஞ்சதும் மெஷின் சத்தம் ஆரம்பிச்சுடும். சூடா இருக்கும்."

இரண்டு வருடத்தில் அவள் பேசிய ஆங்கிலத்திலேயே இலக்கணப் பிழை இல்லாத ஆங்கிலம் அதுதான். கடல் தாண்டி லிஃப்ட்காரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள்.

"வாஷிங் மெஷின் இருக்கா அப்ப?"

"பெருசா ரெண்டு இருக்கு."

"நல்லதாப் போச்சு. நான் ஒரு பையோட வந்துடறேன். அத்தன துணிய எப்படித் தூக்கிட்டு வர்றதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்." பிறகு முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தாள். "சூடுன்னு சொன்னியே, நெஜமாவா?"

"ரொம்ப."

"அப்பாடா! என் மூக்கு போன மாசமே செத்துப்போச்சு. சரி, யாரு அந்த அம்மா? எங்க மேயர விட நல்லா கேள்வி கேக்கறாங்க."

அவள் மொழிபெயர்த்து முடித்தபோது டாக்டர் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும், குழு ஏற்கனவே எடுத்த முடிவுன்னு ஒண்ணு..."

அப்போது பொறியாளர் எழுந்து நின்றார். காலையிலிருந்து தலையை மட்டுமே ஆட்டிக்கொண்டிருந்தவர், தான் இன்னும் பொறியாளர்தானா என்று பார்க்கிறவர் போல ஒருமுறை குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டினார்.

"நான் போய் ஸ்டுடியோக்காரர் மாடியிலேருந்து அந்தப் பெட்டிய எடுத்துக்கிட்டு வந்துடறேன்" என்றார். போயும் விட்டார்.

"பொறியாளருக்கு நம்ம பாஷை வருமா?" என்றார் டாக்டர், பலவீனமாக. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்கு மேல் குழுவின் முடிவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. டாக்டரம்மா மட்டும் உள்ளே போய், மடித்து வைத்த நீலப்பூ பெட்ஷீட்டோடு வந்தார்.

"இந்தாங்க. அந்தப் பொண்ணுக்கு இதத்தான் புடிச்சிருக்காம். நீங்களே விரிச்சுடுங்க. ஆனா..." என்று செயலாளரைப் பார்த்து விரலை ஆட்டினார், "அவங்க போனதும் சொன்ன நாள்ல எனக்குத் திரும்பி வரணும்!"

மூன்று பேரும் நடந்தே திரும்பினார்கள். அப்பா முன்னால் சூட்கேஸோடு போனார், காலியான பெட்டியை விலையுயர்ந்தது போலச் சுமந்துகொண்டு.

"வெளிச்சம் சரியில்லன்னு சொன்னியே" என்றாள் அம்மா.

"ஆமா."

"எங்கள மறைக்கத்தான?"

"உங்கள இல்லம்மா. கடையத்தான்."

"கடைக்குள்ள நாங்கதானடி நின்னுக்கிட்டிருக்கோம்."

டாக்டரம்மா வாசலோடு நின்று பார்த்ததற்கு இத்தனை நாள் குதித்தாளே; தான் வாசலில் திரையே போட்டு வைத்திருந்தது எந்தக் கணக்கு? கண்ணில் நீர் வந்தது. கோபத்தில் வருகிற நீர் என்று வைத்துக்கொண்டாள். இந்த முறை கோபம் யார் மேல் என்பதில் குழப்பம் இல்லை.

அம்மா இரண்டு எட்டு நடந்துவிட்டு நின்றாள். "மறைச்சதுதான் மறைச்ச, நல்லதாப் பாத்து எடுத்திருக்கக் கூடாதா? அந்த டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டுக் கட்டம் போட்டத எதுக்குடி எடுத்த? எத்தன தடவ வெளுத்தாலும் அது அழுக்காத்தான் தெரியும். கடல் தாண்டி நம்ம தொழில் மானமே போச்சு."

"அம்மா!"

"கண்ணத் தொடச்சுக்க. மேயர் பக்கத்துல நடந்து வரும்போது அழக் கூடாது."

அடுத்த வியாழக்கிழமை கொடியில் எதுவும் தொங்கவில்லை. நாற்காலியைப் போட்டு, போனை நிமிர்த்தி வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லிஃப்ட்காரி எங்கே படுக்கப்போகிறாள், என்ன கொண்டுவர வேண்டும் என்று பேச எத்தனையோ இருந்தது. இணைப்பு வந்தது. பின்னால் அப்பா ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார், அதுவும் கேமரா இருக்கிற பக்கமாகத் திரும்பி நின்று. அம்மா தேய்க்கிற மேசையை விட்டுவிட்டு, தலைவாரி, கூலிங் கிளாஸ் மாட்டி, நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். திரையில் லிஃப்ட்காரியும் இரண்டு கையையும் ஆட்டினாள்.

"என்ன சொல்றா? மொழிபெயர்த்துச் சொல்லு."

"இன்னும் அவ எதுவுமே சொல்லலம்மா."

"அப்ப நான் கேக்கறேன், நீ சொல்லு. அவ எத்தன மணிக்கு எந்திரிப்பா? மெஷின் சத்தத்துல தூங்குவாளான்னு கேளு. அப்பாவ வேணா சத்தம் போட்டுக் காட்டச் சொல்லவா?" அதற்குள் அப்பா மெஷினைப் போட்டுவிட்டார். நீராவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. அம்மா அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இன்னும் குனிந்தாள், திரை முழுக்க அவள் முகமே நிறைந்தது.

"அம்மா, கொஞ்சம் தள்ளேன். நான் தெரியவே மாட்டேங்கறேன்."

"நீதான் ரெண்டு வருஷமாத் தெரிஞ்சியே" என்றாள் அம்மா. "நீ தள்ளு."